தண்ணிப்பாம்புக்குக் குடுத்த பொண்ணு

இங்கிட்டு வந்து உக்காரு தாயி. அங்கிட்டு வெயிலு சுள்ளுனு அடிக்கும், எறங்குறதுக்குள்ள கறுத்துப் போயிருவ. பையைக் கீழ வையி, நான் காலால அணைச்சுக்கிறேன். சிங்கம்புணரிக்கா? நானும் அங்கனதான் எறங்கி வேற வண்டி மாறணும். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு.

என்னா, என் மூஞ்சியவே பாக்குற? அழுதிருக்கனான்னு பாக்குறியா? காத்துல தூசி விழுந்துருச்சு. சரி, எம் மக வயசு இருப்ப, உங்கிட்ட எதுக்குப் பொய்யி. அழுதுட்டுத்தான் வாரேன். ஒருத்தரு ஏமாத்துனா ரெண்டு வார்த்தை வஞ்சுட்டுப் போயிறலாம். குடும்பத்தோட சேந்து ஏமாத்துனா யாரப் போயி வையிறது?

உனக்குத் தண்ணிப்பாம்பு தெரியுமா? சிரிக்காத, நெசமாத்தான் கேக்குறேன். தெரியாதுல்ல? டவுனுப் புள்ள, எங்கிட்டுப் பாத்திருக்கப் போற. நான் சொல்றேன் கேளு. மஞ்சளும் பச்சையுமாக் கலந்த மேலு. அதுல கறுப்புக் கறுப்பாக் கட்டம், ஆம்பளைக கட்டுற லுங்கியில இருக்குமே, அது மாதிரி வரிசையா. அடிவயிறு வெள்ளை. கண்ணு உருண்டையா இருக்கும், கண்ணுக்குக் கீழ ரெண்டு கறுப்புக் கோடு சாய்வா எறங்கும், மையெழுதிக்கிட்டு அழுதவ மூஞ்சி மாதிரி. தண்ணிக்கு மேல தலைய மட்டும் தூக்கிக்கிட்டு நீந்தும். காலையில கம்மாத் தண்ணி வழியிற கலுங்குக் கல்லுல படுத்துக் காயும், ஆளு வார சத்தம் கேட்டாப் பொதுக்குன்னு தண்ணிக்குள்ள விழுந்துரும். திங்கிறது மீனு, தவளை, தலைப்பிரட்டை. ராவு வலை கட்டி வச்சா நமக்கு முந்தி வந்து மீனைத் தின்னுட்டு அந்த வலையிலயே மாட்டிக்கிட்டுக் கெடக்கும். கையில புடிச்சா ஒரு நாத்தம் விடும் பாரு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கோவக்காரப் பாம்பு அது. வெரட்டுனா ஓடும். ஓட வழியில்லேன்னா திரும்பிக்கிட்டுக் கடிக்கும், கடிச்ச எடத்துலயே திரும்பத் திரும்பக் கடிக்கும். ஆனா வெசம் கெடையாது. துளி கெடையாது.

கம்மாக்கரையில பொறந்து கம்மாக்கரையிலயே வாக்கப்பட்டவ நான். எனக்குத் தெரியாத தண்ணிப்பாம்பா? சின்னப் புள்ளையில வாலைப் புடிச்சுச் சுத்தி வீசி வெளையாண்டிருக்கோம். அப்பேர்ப்பட்ட பாம்புக்குத்தான் தாயி, நான் பெத்த ஒத்தப் பொண்ணைத் தூக்கிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்.

பதறாத, பதறாத. பொண்ணு மனுசனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கா. ஆனா குடுக்க வச்சது பாம்பு. வெவரமாச் சொல்றேன்.

எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரே தங்கச்சி, ராக்குன்னு பேரு. சிங்கம்புணரிக்கு அங்கிட்டு ஒரு ஊருலதான் கட்டிக் குடுத்திருக்கு. புருசன் தவறிட்டாரு. அவளுக்கு ஒரு மகன், பாண்டிச்செல்வம். எனக்கு ஒரு மக, சுகன்யா. அத்தை மகன், மாமன் மக, கட்டுற மொறைதான், இல்லேங்கல. சுகன்யா பொறந்த அன்னைக்கே ராக்கு அதைத் தூக்கி வச்சுக்கிட்டு 'எம் மருமக, எம் மருமக'ன்னு கொஞ்சுவா. நான் மனசுக்குள்ள நெனச்சுக்கிருவேன், இரு இரு, நான் குடுத்தாத்தானேன்னு.

ஏன்னு கேளு. சுகன்யாவுக்குக் காது குத்துனோம், கெடா வெட்டிச் சோறு போட்டோம். ராக்கு மொதப் பந்தியில உக்காந்தா. அவ எலையில எலும்பா விழுந்துருச்சாம். 'மதினிதான் இப்படிப் போடச் சொல்லிருக்கு'ன்னு சோத்தோட எலைய மூடிட்டு எந்திரிச்சா. கரண்டி புடிச்சது நானா? பரிமாறுன பய யாரைப் பாத்து எதைப் போட்டானோ! நான் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன், 'ஏன், எலும்பைக் கடிக்க ஒனக்குப் பல்லு இல்லையா'ன்னு. அதுல என்ன தப்பு? பல்லு இருக்கவளப் பாத்துத்தான கேட்டேன். அதுலருந்து அவ எங்க வாசப்படி மிதிக்கல. நானும் அவ ஊருப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. எங்க வீட்டுக்காரவுக மட்டும் எனக்குத் தெரியாமத் தங்கச்சியப் பாத்துட்டு வருவாக. சட்டையில அவ வீட்டுக் கருவாட்டுக் கொழம்பு வாசம் அடிக்கும். நான் ஒண்ணும் கேட்டுக்கிற மாட்டேன், அம்புட்டுக்கு நான் நல்லவ.

பொண்ணு பெரிசாயி காலேசு முடிச்சிருச்சு. ராக்கு ஆளு மேல ஆளாச் சொல்லி விடுறா, பொண்ணு கேக்க வரட்டுமான்னு. 'என் பொண்ணு அந்த வீட்டு வாசல்ல கோலம் போடுறதுக்கு முன்னால என் பாடை கெளம்பிரும்'னு சொல்லி அனுப்பிட்டேன். சொன்னா சொன்னதுதான், நம்ம வாக்கு அப்படி.

அந்த வருசம் கோடையிலதான் எங்க கம்மாயில மீன்பிடித் திருவிழா வந்துச்சு. நீ பாத்திருக்க மாட்ட. தண்ணி வத்தி நடுவுல முழங்காலளவு கெடக்கும்போது ஊருல சாட்டுவாக. சுத்துப்பட்டி சனம்பூரா விடியங்காட்டியும் வந்து கரையில நிக்கும். ஊருக்குப் பெரியவரு, அம்பலம்னு சொல்லுவோம், அவரு வெள்ளைத் துண்டைத் தூக்கி வீசுனதும் எல்லாரும் ஒண்ணா எறங்கணும். வலையோ, கூடையோ, பழைய சேலையோ, எதை வச்சு வேணும்னாலும் புடிக்கலாம். புடிச்ச மீனை விக்கக் கூடாது, வீட்டுல கொழம்பு வச்சுத்தான் திங்கணும். அப்பத்தான் அடுத்த மழைக்குக் கம்மா பெருகும். அன்னைக்கு ஆகாதவுக ஆனவுக எல்லாம் ஒரே சகதிக்குள்ளதான். ராக்குவும் மகனக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. நான் பாக்காத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

எங்கிட்ட ஊத்தா இருந்துச்சு. மூங்கிக் குச்சியில பின்னுன கூடை அது. அடி அகலமா, தொறந்து கெடக்கும். உச்சியில கை போற அளவுக்கு ஓட்டை. சகதியில ஒரே அமுக்கா அமுக்கணும். உள்ள மீனு மாட்டுனா மூங்கியில வந்து முட்டும், அப்ப மேல வழியாக் கைய விட்டுத் தடவிப் புடிக்கணும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, கைதான் கண்ணு. நான் அமுக்குனேன், படக்குன்னு முட்டுச்சு. கைய விட்டேன், உருண்டு திரண்டு ஒண்ணு சிக்குச்சு. நல்ல விரா மீனுடின்னு இறுக்கிப் புடிச்சா, சுருக்குன்னுச்சு. வெளிய இழுத்தா, தாயி, கையில பாம்பு தொங்குது!

மேலெல்லாம் சகதி அப்பி ஒரே கறுப்பு. கட்டமாவது, கோடாவது, ஒண்ணும் தெரியல. கழுத்தை வேற தட்டையா விரிச்சுக்கிட்டு நிக்குது. எவனோ கத்துனான், 'ஏய், நல்லபாம்புடோய்!'னு. அம்புட்டுத்தான். அதுவரைக்கும் என் தோளை ஒரசிக்கிட்டு மீனு புடிச்ச சனம் ஒரே தாவாத் தாவிக் கரையேறிருச்சு. என்னையச் சுத்தி ஒரு சுடுகுஞ்சு இல்ல. தண்ணி மட்டும் கலங்கிக்கிட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரவுக கரையில நின்னாக, மீன் பையைப் புடிச்சுக்கிட்டு. அவுகளக் குத்தம் சொல்லக் கூடாது. பையைக் கீழ வச்சா நாயி தூக்கிட்டுப் போயிரும்ல. உள்ள நல்ல நல்ல கெளுத்தியாக் கெடந்துச்சு.

அப்ப ஒருத்தி மட்டும் எதுத்தாப்புல வாரா. எல்லாரும் கரையப் பாத்து ஓடயில அவ மட்டும் சகதியில விழுந்து எந்திரிச்சு உள்ள வாரா. யாரு? ராக்கு. முந்தின நாளுதான் கடவாப் பல்லைப் புடுங்கிருக்கா, கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கெடக்கு. அவ ஊருக்காரி ஒருத்தி கரையிலருந்து அலறுறா, 'அடியே, வாயில புண்ணுடி, வாயக் கொண்டு போகாதடி, நீயும் சேந்து போயிருவடி'ன்னு. இவ காதுல வாங்குனாத்தான? வந்தா. வெறுங்கையில பாம்பைப் புடிச்சுப் பிச்சு எறிஞ்சா. சேலையக் கிழிச்சு என் முழங்கைக்கு மேல இறுக்கிக் கட்டுனா. கடிவாயில வாய வச்சுட்டா. உறிஞ்சித் துப்புறா, உறிஞ்சித் துப்புறா. எது என் ரத்தம், எது அவ பல்லு ரத்தம்னே தெரியல. நான் அவ தலைமுடியப் புடிச்சுக்கிட்டு 'ராக்கு, ராக்கு'ன்னு கத்துறேன். அம்புட்டு வருசத்துக்குப் பெறகு அன்னைக்குத்தான் அவ பேரு என் வாயில வந்துச்சு.

பாண்டி அவ பின்னாலயே ஓடியாந்தான். பாம்பு மடைக்கல்லு ஓரமாச் சுருண்டு கெடந்துச்சு. அவன் அதை வாலைப் புடிச்சுத் தூக்கித் தண்ணியில ஒரு அலசு அலசுனான். உத்துப் பாத்தான். பாத்துட்டு, அடிக்கல தாயி, அங்கிட்டுக் கொண்டு போயி விட்டுட்டான். 'கொல்லுடா, ஏன்டா விடுற'ன்னு சனமெல்லாம் வையிது. 'போகட்டும், பாவம்'ங்கிறான். எம் மக கரையில நின்னு அவனையே பாக்குறா. அவனும் அவளையே பாக்குறான். பயத்துல பாத்துக்கிருதுகன்னு நெனச்சேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியாதே.

ஆசுபத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல எங்க ரெண்டு பேரையும் போட்டாக. என் கை நீலமாப் போச்சு, மரத்துப் போச்சு. வெசம் ஏறுது ஏறுதுன்னு பாக்க வந்த சனமெல்லாம் மூக்கைச் சிந்துதுக. டாக்டரு வந்தாரு, கட்டை அவுத்தாரு, ரத்தத்தை எடுத்துப் பாத்தாரு, ஒரு நாளு படுக்க வச்சாரு. ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாரு. ஊரே சொல்லிச்சு, வெசத்தைப்பூரா ராக்கு உறிஞ்சித் துப்பிட்டா, டாக்டரு பாக்குறதுக்கு மிச்சம் மீதியே இல்லன்னு. நானும் அப்படித்தான் நம்புனேன். நீயா இருந்தாலும் நம்பிருப்ப.

படுத்துக் கெடக்கும்போது ராக்கு என் பக்கம் திரும்புனா. 'மதினி, எனக்கு வாயெல்லாம் கசக்குது. நான் போயிட்டா எம் மகனுக்கு ஒருவேளைக் கஞ்சியாவது ஊத்துங்க'ன்னா. நான் ஓன்னு அழுதுட்டேன். அந்தக் கட்டில்ல கெடந்துக்கிட்டே அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன், என் பொண்ணு ஒன் வீட்டுக்குத்தான்னு. அந்த வைகாசியிலயே கல்யாணம் முடிஞ்சிருச்சு.

அதுக்குப் பெறகு நான் அவளைத் தாங்குன தாங்கு இருக்கே! எங்க வீட்டுல கறி எடுத்தா மொதக் கரண்டி ராக்குவுக்குத்தான். சதையாப் பொறுக்கிப் போடுவேன், ஒரு துண்டு எலும்பு விழுந்துறக் கூடாது. நல்லது கெட்டதுக்கு அவளைக் கேட்டுத்தான் செய்வேன். ஊரு ஊரா நானே சொல்லுவேன், இது என் நாத்தனா இல்ல, எனக்கு உசுரு குடுத்தவன்னு. அவளும் கேட்டுக்கிட்டு வெத்தலையை மென்னுக்கிட்டு இருப்பா. பெருமையா இருக்கும்ல அவளுக்கு.

பாண்டிக்குத் தீயணைப்புல வேலை கெடச்சது. வீட்டுக்குள்ள பாம்பு வந்துருச்சுன்னு போனைப் போட்டா இவுகதான் போயிப் புடிக்கணுமாம். எம் மக முழுகாம இருந்தா, தலைப்பிரசவத்துக்கு நான் கூட்டியாந்தேன், பேரன் பொறந்திருக்கான். நல்லா கொழுகொழுன்னு, எங்க வீட்டுக்காரவுக சாடை. வார வெள்ளிக்கிழமை ராக்கு ஆளுகளோட வந்து தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போகணும்னு பேச்சு.

நேத்து பாண்டி புள்ளையப் பாக்க வந்தான். எங்க வீட்டுக்குப் பின்னால மாட்டுக்குத் தண்ணி காட்டுற சிமிண்டுத் தொட்டி இருக்கு. அதுல பாம்பு கெடக்குன்னு பக்கத்து வீட்டுப் புள்ளைக அலறுச்சுக. இவன் போனான், சும்மா வெங்காயத்தை எடுக்குற மாதிரி அள்ளித் தூக்கிட்டு வந்தான். தெருவே கூடிருச்சு. நாங்கதான் பாம்பு புடிக்கிறவுகன்னு ஒரு மெதப்பு அவனுக்கு, வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டான். 'பயப்படாதீக, இது தண்ணிப்பாம்பு. மீனையும் தவளையையும் தின்னுட்டுக் கெடக்குற சாதி. பொட்டைப் பாம்பு முட்டை போட்டா அதுகிட்டயே காவல் கெடக்கும்னு எங்க சாரு சொல்லிருக்காரு. இந்தா பாருங்க, கழுத்தை எப்படி விரிக்கிதுன்னு. நல்லபாம்புன்னு நெனச்சு நாம ஓடணும்னு இப்படிப் பாவலா காட்டும். கடிச்சா ரத்தம் வரும், அம்புட்டுத்தான். எந்தப் பாம்பு கடிச்சாலும் இறுக்கிக் கட்டக் கூடாது. கட்டுனா அந்தக் கட்டாலயே கை நீலமாயிரும். வாய வச்சும் உறிஞ்சக் கூடாது. நேரா ஆசுபத்திரிதான்.'

நான் அந்தக் கழுத்தையே பாக்குறேன் தாயி. 'மாப்ள, அன்னைக்குக் கம்மாயில என்னையக் கடிச்சது எது?'ன்னு கேட்டேன். கையில பாம்பு நெளியுது, இவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பாக்குறான். வீட்டுக்குள்ள புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்தவ, நான் பெத்த மக, அங்கருந்தே சொல்றா, 'சொல்லிருங்களேன், இனிமே என்னா'ன்னு.

தண்ணியில அலசுன அப்பவே தெரிஞ்சு போச்சாம் அவனுக்கு. அவன் மூஞ்சியப் பாத்து இவளுக்கும் தெரிஞ்சு போச்சாம். அதுக்கு முன்னாலயே ரெண்டும் ஒண்ண ஒண்ணு விரும்பிக்கிட்டுத்தான் இருந்திருக்குக. 'நீங்க ஒத்துக்கவே மாட்டீகன்னு மனசு விட்டுப் போயி இருந்தோம் அத்தை. ஆசுபத்திரியில நீங்களாச் சத்தியம் பண்ணீக. அதைப் போயி எப்படி வேணாங்கிறது?'ங்கிறான். கேக்குறான் பாரு கேள்வி!

நான் திரும்பி எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தேன். கேட்டீகளா இந்தக் கூத்தைன்னேன். அவுக பீடியப் பத்த வச்சுக்கிட்டு, 'டாக்டரு அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாரு, வெசமில்லாத கடின்னு. நீயும் தங்கச்சியும் பேசிக்கிட்டுக் கெடந்தீக. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்'ங்கிறாக. பீடியப் பத்த வச்சுக்கிட்டு தாயி! எனக்கு எப்படி இருந்திருக்கும்? எனக்கு மட்டும்தான் தெரியல. நான் அந்தத் தழும்பைத் தடவித் தடவிக் கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கேன், இதுக எல்லாம் என்னையப் பாத்து உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்திருக்குக.

அப்ப அவளுக்கும் தெரியும். ராக்குவுக்குத் தெரியாம இருக்குமா? மகன் சொல்லாம இருந்திருப்பானா? பாண்டி என் காலைப் புடிச்சுக்கிட்டான், 'அம்மாவுக்குத் தெரியாது அத்தை, அம்மாகிட்ட மட்டும் கேட்றாதீக, அது தாங்காது'ன்னு. தாங்காதாம்ல. என்னையத் தாங்கச் சொல்லிட்டு அவுக அம்மாவுக்குத் தாங்காதாம். அவளுக்கும் தெரியும்னு அதுலயே எனக்கு வெளங்கிருச்சு. இன்னைக்குக் காலையில மொத வண்டியில ஏறிட்டேன். வேணாம்மா வேணாம்மான்னு மக வாசல் வரைக்கும் வந்து அழுதா. நான் திரும்பிப் பாக்கல.

அங்க போனா ராக்கு செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு நிக்கிறா. பேரன் வாரான்ல, வீட்டை வெள்ளையாக்குறாளாம். தலையெல்லாம் சுண்ணாம்புத் துளி. என்னையப் பாத்ததும் 'வாங்க மதினி'ன்னு பல்லெல்லாம் தெரியச் சிரிச்சா. நான் வாசல்லயே நின்னுக்கிட்டேன். உள்ள போயி உக்காந்துட்டா அப்புறம் கேக்க முடியாது, காப்பியக் கொண்டாந்து கையில குடுத்துருவா.

'அது தண்ணிப்பாம்பு ராக்கு'ன்னேன்.

'எது மதினி?'ங்கிறா.

'நீ வாய வச்சு உறிஞ்சினியே, அது. ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான வாய வச்ச? என் பொண்ணைப் புடிக்கிறதுக்குத்தான வாய வச்ச?' தொண்டை கிழியக் கத்துனேன். தெருவுல இருக்க பொம்பளைகபூரா வந்துட்டாக. வரட்டும்னுதான் கத்துனேன்.

அவளுக்குப் பிடிபடவே கொஞ்ச நேரமாச்சு. 'யாரு சொன்னா?'ன்னா. ஒன் மகன்னேன். ஒன் மகனுக்குத் தெரியும், என் மகளுக்குத் தெரியும், ஒங்கண்ணனுக்கும் அன்னைக்கே தெரியும்னேன். சுண்ணாம்பு அடிக்கிற மட்டைய வாளியில போட்டுட்டு அப்படியே தரையில உக்காந்தா. நான் கத்துறேன், அவ தன் கையில இருக்க சுண்ணாம்பையே பாத்துக்கிட்டு இருக்கா. நடிப்பு, நடிப்பு, எனக்குத் தெரியாத நடிப்பா?

அப்பறமா மெதுவாச் சொன்னா. 'மதினி, தண்ணிப்பாம்புன்னு தெரிஞ்சிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன். இந்தக் கொழுப்பெடுத்தவளுக்கு நல்லா வேணும்னு கரையில நின்னு சிரிச்சிருப்பேன்'னு.

கேட்டியா? கேட்டியா தாயி? அவ வாயாலயே வந்துருச்சு! சிரிச்சிருப்பாளாம்! கொழுப்பெடுத்தவளாம் நான்! தெருவே கேட்டுக்கிட்டு நிக்கயில சொல்றா. இவளுக்குத்தான் நான் சதையாப் பொறுக்கிப் போட்டேன்.

அதோட விட்டாளா? எந்திரிச்சா. 'வெள்ளிக்கிழமை நான் வரல. ஒங்க பொண்ணும் பேரனும் ஒங்க வீட்டுலயே இருக்கட்டும். நான் நாடகம் காமிச்சு எதையும் வாங்கல மதினி'ன்னா. உள்ள போயிக் கதவைச் சாத்திட்டா. கூடி நின்ன பொம்பளைக வெலகி வழி விட்டாளுக. நான் தலைய நிமித்திக்கிட்டுத்தான் பஸ்டாப்புக்கு வந்தேன். கேக்க வேண்டியதைக் கேட்டாச்சு. அப்பறம் எதுக்கு இந்தக் கண்ணுல தண்ணி வருதுன்னுதான் தெரியல.

படிச்ச புள்ள, நீ நியாயத்தைச் சொல்லு. யாரு மேல தப்பு?

என்னா? சத்தமாச் சொல்லு, வண்டி எரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.

'நல்லபாம்புன்னு நெனச்சுத்தான வந்திருக்காங்க'ங்கிறியா?

நீ யாரு, அவளுக்குச் சொந்தக்காரியா? அவ பக்கம் பேசுற? இரு, இரு. நான் என்னா சொன்னேன்? அவ என்னா சொன்னா? தண்ணிப்பாம்புன்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்னா. ஆமா, அப்படித்தான் சொன்னா. தெரியாமத்தான் வந்திருக்கா. வாயில புண்ணை வச்சுக்கிட்டு. ஊருக்காரி கத்தக் கத்த. நான் செத்துருவேன்னு நெனச்சு, தானும் செத்துருவோம்னு நெனச்சு…

அந்த எலைய மூடுனது தப்புத்தான் தாயி அவ. அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். ஆனா அத்தனை சனத்துல… எங்க வீட்டுக்காரவுக பையைப் புடிச்சுக்கிட்டு நின்னாக. நாயி ஒண்ணும் பக்கத்துல இல்ல. நான்தான் நாயின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். அவுக கூடப் பொறந்த தங்கச்சி சகதியில விழுந்து எந்திரிச்சு வாரா, கட்டுன புருசன் கெளுத்தி மீனைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. என்னையச் செவுத்துல அடிச்ச மாதிரி இருக்கு இப்ப. அவளைப் போயி, அவ தெருவுல வச்சு, நானு…

வெள்ளிக்கிழமை அவ வரலேன்னா எம் மக என்னா ஆவா? ராக்கு ஒண்ணு சொன்னா சொன்னதுதான். அன்னைக்கு எலைய மூடுனவ அத்தனை வருசம் திரும்பிப் பாத்தாளா?

இந்தா, இந்தப் போனைப் புடி. எனக்கு இதுல ஆளைத் தேட வராது. ராக்கு மூஞ்சி போட்டிருக்கும் பாரு, எம் மக வச்சுக் குடுத்தது. அதை அமுக்கு. அடிக்குதா? எங்கிட்டக் குடு, குடு.

ராக்கு? நான்தான்டி. வச்சுறாத. அந்த… கலக்கி வச்ச சுண்ணாம்பு காஞ்சு வீணாப் போயிரும்டி. பாதிச் செவுருதான அடிச்சிருந்த. மிச்சத்தையும் அடிச்சிரு. ராக்கு? கேக்குதா?

வச்சுட்டா.

மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு தாயி. கேட்டுட்டுத்தான் வச்சா. வேற என்னத்தைச் சொல்றது நான், எனக்கு என்னா சொல்ல வரும்? எல்லாரும் எந்திரிக்கிறாக, சிங்கம்புணரி வந்துருச்சு போல. நீ எறங்கிறாத தாயி, சித்த நில்லு. இன்னொருக்காப் போடு.